டாக்டர் கனவும் பதினொன்றாம் வகுப்புப் பாடப்பிரிவும்



பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த மறுநாளே நம் அறக்கட்டளை அலுவலகத்துக்குப் பெற்றோர் வரத் தொடங்கிவிடுவார்கள். கையில் மதிப்பெண் பட்டியல் இருக்கும். கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "பிள்ளைக்கு டாக்டராகணும்னு ஆசை பாய், எந்த குரூப் எடுக்கட்டும்?"

"பயாலஜி இருக்கிற குரூப்பா பார்த்து எடுங்க" என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். அது சரியான பதில்தான். ஆனால் அந்த ஒரு வரியோடு நின்றுவிட்ட குடும்பங்கள் இரண்டு ஆண்டு கழித்து, "இதை யாரும் எங்களுக்கு முன்னாலேயே சொல்லலையே" என்று வருந்தியதையும் நாம் பார்த்திருக்கிறோம். பாடப்பிரிவு, பள்ளி, பயிற்று மொழி, சாதிச் சான்றிதழ் ஆகிய நான்கும் சேர்ந்தே பிள்ளையின் வாய்ப்பைத் தீர்மானிக்கின்றன. பாவு பூட்டிய பிறகு அதன் நிறத்தை மாற்ற முடியாது, ஊடையைத்தான் மாற்றலாம் என்பது நம் ஊரில் தறி இருக்கும் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கையும் பாவு பூட்டுவது போலத்தான். பூட்டும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டியவற்றை இங்கே வரிசையாகச் சொல்கிறோம்.

நீட் தேர்வு எதைக் கேட்கிறது?

வீட்டில் மூத்தவர்கள் சொல்லும் யோசனை பெரும்பாலும் அவர்கள் காலத்து யோசனையாக இருக்கும். தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணோடு நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணையும் சேர்த்து 300க்குக் கட்-ஆஃப் கணக்கிட்டார்கள். நுழைவுத் தேர்வு நீக்கப்பட்ட பிறகு, 2007 முதல் 2016 வரை பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் மட்டும் போதும் என்று இருந்தது. அப்போது உயிரியலுக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200க்குக் கட்-ஆஃப். 2017 முதல் நீட் தேர்வு மதிப்பெண்தான் கணக்கு.

நீட் தேர்வுக்கு மொத்தம் 720 மதிப்பெண். உயிரியல் 360, இயற்பியல் 180, வேதியியல் 180. கூர்ந்து பார்த்தால் பழைய 200 கணக்கில் இருந்த அதே விகிதம்தான்: பாதி உயிரியல், கால் பங்கு இயற்பியல், கால் பங்கு வேதியியல். கேள்வி கேட்கும் முறைதான் மாறிவிட்டது. 180 நிமிடத்தில் 180 கேள்விகள். சரியான விடைக்கு 4 மதிப்பெண் கிடைக்கும், தவறான விடைக்கு 1 மதிப்பெண் போய்விடும். மனப்பாடம் செய்து பக்கம் பக்கமாக எழுதிப் பழகிய பிள்ளை இங்கே தடுமாறும். புரிந்து படித்த பிள்ளை நிற்கும்.

தகுதி விதிகளையும் தெரிந்துகொள்ளுங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் (அல்லது உயிரித் தொழில்நுட்பம்), ஆங்கிலம் படித்துத் தேறியிருக்க வேண்டும். இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றிலும் சேர்த்துப் பொதுப்பிரிவினருக்கு 50 சதவீதமும், பிற்படுத்தப்பட்ட, பட்டியலின, பழங்குடிப் பிரிவினருக்கு 40 சதவீதமும் தேவை. சேரும் ஆண்டின் டிசம்பர் 31க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். சிறு வயதிலேயே பள்ளியில் சேர்க்கப்பட்ட பிள்ளைகளின் பெற்றோர் இதை முன்கூட்டியே கணக்குப் பார்த்துக்கொள்வது நல்லது.

எந்தெந்தப் பிரிவுகள் பொருந்தும்?

நம் மாநிலப் பாடத்திட்டத்தில் மருத்துவத்துக்குப் பொருந்தும் பிரிவுகள் ஒன்றுக்கு மேல் இருக்கின்றன.

1. இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம். நாம் 'பயோ-மேத்ஸ்' என்றும் 'ஃபர்ஸ்ட் குரூப்' என்றும் சொல்வது இதைத்தான்.

2. இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல். 'பியூர் சயின்ஸ்' எனப்படுவது. கணிதம் கிடையாது. தாவரவியலும் விலங்கியலும் தனித்தனிப் பாடங்கள்.

3. இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகியவற்றோடு கணினி அறிவியல், நுண்ணுயிரியல், உயிர்வேதியியல் போன்ற ஒரு பாடம். எல்லாப் பள்ளிகளிலும் இது இருக்காது.

இந்த மூன்றில் எதை எடுத்தாலும் நீட் எழுதலாம். கணிதம், இயற்பியல், வேதியியல், கணினி அறிவியல் உள்ள கம்ப்யூட்டர் குரூப்பிலும், காமர்ஸ் குரூப்பிலும் உயிரியல் இல்லாததால் நேரடியாக எழுத முடியாது.

ஓர் எச்சரிக்கை. தொழிற்கல்விப் பிரிவில் 'நர்சிங்' என்ற பெயரைப் பார்த்ததும், "இதுவும் மருத்துவம்தானே" என்று நினைத்துப் பிள்ளையைச் சேர்த்துவிடுகிறவர்கள் உண்டு. பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். அந்தப் பிரிவில் இயற்பியலும் வேதியியலும் இருக்கின்றனவா என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். அவை இல்லையென்றால் நீட் எழுதத் தகுதி கிடைக்காது.

"சயின்ஸ் குரூப்பில் இடம் இல்லை, இப்போதைக்குக் கம்ப்யூட்டர் குரூப்பில் உட்காரட்டும், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்" என்று பள்ளியில் சொன்னால் உடனே தலையாட்ட வேண்டாம். வேறு பள்ளியில் விசாரியுங்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிறகு உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறியவர்களும் நீட் எழுதலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்தது உண்மைதான். ஆனாலும் அது சுற்றுவழி. ஓர் ஆண்டாவது கூடுதலாகப் போகும், உயிரியலைச் சொல்லித்தர ஆசிரியரும் இருக்க மாட்டார்.

கணிதம் வேண்டுமா, வேண்டாமா?

பெற்றோர் அதிகம் குழம்புவது இங்கேதான். நீட் தேர்வில் கணிதத்துக்குத் தனி மதிப்பெண் இல்லை. பிறகு எதற்கு அந்தச் சுமை என்பது ஒரு தரப்பு. கணிதம் இல்லாவிட்டால் பிள்ளையின் எதிர்காலமே அடைபட்டுவிடும் என்பது மறுதரப்பு. இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது.

கணிதத்தை விட்டால் பொறியியல், கட்டடக்கலை போன்ற படிப்புகள் கைவிட்டுப் போகும். நீட் எழுதுபவர்களில் பெரும்பாலானோருக்கு எம்.பி.பி.எஸ். இடம் கிடைப்பதில்லை என்பதால் இது சிறிய விஷயமல்ல. அதோடு, நீட் தேர்வில் பிள்ளைகள் அதிகம் சறுக்குவது இயற்பியலில். இயற்பியல் கணக்குகளுக்குத் திரிகோணமிதியும் மடக்கையும் வகை நுண்கணிதத்தின் அடிப்படையும் தேவை. பயோ-மேத்ஸ் பிள்ளைக்கு இவை கணிதப் பாடத்திலேயே கிடைத்துவிடும். பியூர் சயின்ஸ் பிள்ளை இவற்றைத் தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும்.

மறுபுறம், கணிதம் தினமும் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தை எடுத்துக்கொள்ளும் பாடம். பத்தாம் வகுப்பிலேயே கணிதத்துக்குப் பயந்து டியூஷன் டியூஷனாக ஓடிய பிள்ளைமீது அதைத் திணித்தால் உயிரியலுக்கும் வேதியியலுக்கும் நேரமே மிஞ்சாது.

ஆகவே நாம் சொல்வது இதுதான். பத்தாம் வகுப்பில் கணிதத்தை ஓரளவு சுலபமாகப் படித்துத் தேறிய பிள்ளை பயோ-மேத்ஸ் எடுக்கட்டும். கணிதம் என்றாலே முகம் வாடுகிற, ஆனால் அறிவியலை விரும்பிப் படிக்கிற பிள்ளை பியூர் சயின்ஸ் எடுக்கட்டும். அந்தப் பிள்ளை மே, ஜூன் மாதங்களிலேயே இயற்பியலுக்கு வேண்டிய அடிப்படைக் கணக்குகளைப் படித்துவிட வேண்டும். மதிப்பெண் பட்டியலில் உள்ள எண்ணைவிட, அந்த மதிப்பெண்ணை எடுக்கப் பிள்ளை பட்ட பாடு எவ்வளவு என்பதைப் பாருங்கள். அது பெற்றோருக்குத்தான் தெரியும்.

பதினொன்றாம் வகுப்பு ஓய்வு ஆண்டு அல்ல

நீட் பாடத்திட்டத்தில் ஏறக்குறைய பாதி பதினொன்றாம் வகுப்புப் பாடம். பழைய 200 மதிப்பெண் கட்-ஆஃப் காலத்தில் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் மட்டுமே கணக்கில் வந்ததால், பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை மேலோட்டமாக முடித்துவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை இரண்டு ஆண்டும் நடத்தும் பழக்கம் பல பள்ளிகளில் இருந்தது. 2017-18இல் பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டது. 2025-26 முதல் அது நீக்கப்பட்டுவிட்டது. பிள்ளைகளுக்குச் சுமை குறைந்தது நல்லதே. ஆனால் "பொதுத்தேர்வு இல்லையே" என்று அந்த ஆண்டை விட்டுவிடும் பிள்ளை, நீட் தேர்வில் பாதியை விட்டுவிடுகிறது.

எனவே பள்ளியில் சேர்க்கும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். பதினொன்றாம் வகுப்புப் பாடம் முழுவதும் நடத்தப்படுகிறதா? இயற்பியலுக்கு நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா? ஆய்வகம் நடக்கிறதா? கட்டடத்தையும் பேருந்தையும் பார்ப்பதைவிட இதைப் பார்ப்பது முக்கியம்.

பள்ளி எது என்பதும் ஒரு முடிவு

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு வழங்கும் சட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2020இல் கொண்டுவந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு இது பொருந்தும். எம்.பி.பி.எஸ்., பல் மருத்துவம், சித்தா, யுனானி, ஆயுர்வேதம், ஓமியோபதி ஆகியவற்றுக்கும் உண்டு. இதில் இடம் பெறும் மாணவர்களின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. இந்த ஒதுக்கீடு ஒவ்வொரு சமூகப் பிரிவுக்குள்ளும் கணக்கிடப்படுவதால், நம் பிள்ளை அதே பிரிவைச் சேர்ந்த மற்ற அரசுப் பள்ளிப் பிள்ளைகளோடுதான் போட்டியிட வேண்டியிருக்கும்.

இங்கே நம் குடும்பங்கள் அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளும் ஒன்று இருக்கிறது. அரசு உதவி பெறும் பள்ளி இந்தச் சட்டத்தில் வராது. முஸ்லிம் நிர்வாகத்தில் நடக்கும் உதவி பெறும் பள்ளிகளுக்கும் இதே நிலைதான். பத்து வரை உதவி பெறும் பள்ளியில் படித்துவிட்டுப் பதினொன்றில் அரசுப் பள்ளிக்கு மாறினாலும் இந்த ஒதுக்கீடு கிடைக்காது. ஹிஃப்ளு முடிப்பதற்காகப் பள்ளியிலிருந்து நிறுத்தி, பிறகு தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதவைக்கும் குடும்பங்களும் இதை மனத்தில் வைத்து முடிவெடுக்க வேண்டும். ஏழு வகுப்புகளுக்கும் அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று கேட்கப்படும்.

இந்த ஒதுக்கீட்டுக்கான முடிவு ஐந்தாம் வகுப்பு முடியும்போதே எடுக்க வேண்டியது. இப்போது ஐந்தாம் வகுப்பில் பிள்ளை இருக்கும் பெற்றோர் இதை இன்றே யோசிக்கலாம். ஒதுக்கீட்டுக்காக மட்டும் நல்ல பள்ளியை விட்டு மாற்றச் சொல்லவில்லை. கடன் வாங்கித் தனியார் பள்ளிக் கட்டணம் கட்டும் குடும்பங்கள், அருகில் உள்ள அரசுப் பள்ளியை ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும் என்பதே நம் ஆலோசனை.

2019 நவம்பரில் மாவட்டம் பிரிக்கப்பட்ட பிறகு, 1965இல் தொடங்கிய செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி பக்கத்து மாவட்டத்துக்குப் போய்விட்டது. "நம் மாவட்டத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இல்லையே" என்று சிலர் கவலைப்படுகிறார்கள். அரசு இடங்களுக்கான கலந்தாய்வு மாநிலம் முழுவதற்கும் ஒன்றுதான். எந்த மாவட்டக் கல்லூரியையும் நம் பிள்ளை தேர்ந்தெடுக்கலாம்.

தமிழ், ஆங்கிலம், உருது

நீட் வினாத்தாள் தமிழ், உருது உட்பட 13 மொழிகளில் கிடைக்கிறது. தமிழ் வழியில் படித்த பிள்ளை பயப்பட வேண்டியதில்லை. தமிழைத் தேர்ந்தெடுத்தால் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த வினாத்தாள் தரப்படும். மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதி. ஆகவே தமிழ் வழிப் பிள்ளைகளும் உறுப்புகள், நோய்கள், வேதிப்பொருள்களின் ஆங்கிலப் பெயர்களைப் பதினொன்றாம் வகுப்பிலிருந்தே தெரிந்துகொள்ள வேண்டும். பத்து வரை தமிழ் வழியில் படித்த பிள்ளையைப் பதினொன்றில் திடீரென ஆங்கில வழிக்கு மாற்றினால் முதல் ஆறு மாதம் மொழியோடு போராடுவதிலேயே போய்விடும். பிள்ளையின் ஆங்கிலம் எப்படி இருக்கிறது என்று பார்த்துச் செய்யுங்கள்.

உருது தெரிந்த குடும்பங்களுக்கு ஒரு தனிச் செய்தி. யுனானி மருத்துவப் பட்டமான பி.யு.எம்.எஸ். படிக்கப் பத்தாம் வகுப்பில் உருது, அரபி, பாரசீகம் ஆகியவற்றில் ஒன்றைப் படித்திருக்க வேண்டும், அல்லது அதற்கு இணையான உருதுத் தேர்வில் தேற வேண்டும். சென்னை அரும்பாக்கத்தில் அரசு யுனானி மருத்துவக் கல்லூரி 1979 முதல் இயங்கிவருகிறது. வீட்டில் உருது பேசியும் அதை எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைகள் நம் ஊரில் நிறைய. மக்தபில் அலிஃப், பே படிக்கும் வயதிலேயே உருது வாசிப்பையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தால், பின்னால் இப்படி ஒரு வழியும் திறந்திருக்கும்.

சாதிச் சான்றிதழில் கவனம்

தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007 முதல் 3.5 சதவீதத் தனி ஒதுக்கீடு உண்டு. அன்சார், தக்கானி முஸ்லிம், தூதேகுலா, லெப்பை (ராவுத்தர், மரைக்காயர் உட்பட), மாப்பிள்ளா, ஷேக், சையத் ஆகிய பிரிவுகள் இதில் அடங்கும். சான்றிதழில் 'முஸ்லிம்' என்றோ 'இஸ்லாம்' என்றோ மட்டும் இருந்தால் போதாது. பிரிவின் பெயர் இருக்க வேண்டும். தந்தையின் சான்றிதழில் ஒரு பிரிவும் பிள்ளையின் மாற்றுச் சான்றிதழில் வேறொன்றும் இருந்தால் கலந்தாய்வின்போது சிக்கல் வரும். பெயரின் எழுத்து, இனிஷியல் ஆகியவற்றில் உள்ள வேறுபாட்டையும் இப்போதே சரிசெய்துகொள்ளுங்கள்.

அரசு மருத்துவக் கல்லூரி இடங்களில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகிறது. அதில் இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 27 சதவீதம் உண்டு. அதற்கு மாநிலச் சான்றிதழ் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில் தனியாக ஓ.பி.சி. சான்றிதழ் வாங்க வேண்டும், வருமான வரம்பும் உண்டு. உங்கள் பிரிவு மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெண் பிள்ளைகளுக்கு

பிரசவத்துக்கும் பெண்களின் நோய்க்கும் லேடி டாக்டர்தான் வேண்டும் என்று நம் வீடுகளில் எல்லோரும் கேட்கிறோம். அந்த லேடி டாக்டர் யாரோ ஒரு வீட்டிலிருந்துதானே வர வேண்டும்? நம் வீட்டுப் பெண் முதல் மதிப்பெண் எடுத்தும், "ஐந்தரை ஆண்டு படிப்பாச்சே, கல்யாணம் என்னாகும்" என்று காமர்ஸில் சேர்த்துவிடும் வழக்கத்தை நாம் மறுபரிசீலனை செய்ய வேண்டும். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் காலத்தில் பெண்ணுக்கு இருந்த தடைகளோடு ஒப்பிட்டால் இன்று இருப்பவை மிகச் சிறியவை.

ஹிஜாப், புர்கா பற்றிய கவலை சிலருக்கு உண்டு. சமய வழக்கப்படி உடையணிந்து வருவோரை நீட் விதிகள் அனுமதிக்கின்றன. சோதனைக்காக முன்னதாகவே தேர்வு மையத்துக்கு வந்துவிட வேண்டும், அவ்வளவுதான். அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்கு உயர்கல்வியின்போது மாதம் 1,000 ரூபாய் தரும் 'புதுமைப் பெண்' திட்டம் 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது. உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இது பிறகு விரிவாக்கப்பட்டது.

இடம் கிடைக்காவிட்டால்?

இந்தக் கேள்வியை இப்போதே கேட்பது அபசகுனமல்ல, பொறுப்பு. நல்ல மதிப்பெண் எடுத்தும் இடம் கிடைக்காமல் போகலாம். உயிரியல் படித்த பிள்ளைக்கு பி.எஸ்சி. நர்சிங், பி.ஃபார்ம்., கால்நடை மருத்துவம், வேளாண்மை ஆகிய வழிகள் உண்டு. தமிழ்நாட்டில் இவற்றின் மாநில இடங்களுக்கு இதுவரை பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தான் அடிப்படை. எனவே நீட் பயிற்சிக்காகப் பள்ளிப் பாடத்தைக் கைவிடுவது அறிவுடைமை ஆகாது.

அரசுக் கல்லூரியில் ஆண்டுக் கட்டணம் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். தனியார் கல்லூரி நிர்வாக ஒதுக்கீட்டில் ஆண்டுக்குப் பத்து லட்சத்தையும் தாண்டும். அதைக் கேட்டு மலைத்துப்போன பெற்றோரிடம்தான், "வெளிநாட்டில் மலிவாக டாக்டராக்கிவிடலாம்" என்று ஏஜெண்டுகள் வருகிறார்கள். வெளிநாட்டில் படிக்கவும் நீட் தகுதி கட்டாயம். திரும்பி வந்து இங்கே மருத்துவம் பார்க்கத் தனித் தகுதித் தேர்வில் தேற வேண்டும். அண்மை ஆண்டுகளில் அதை ஒவ்வொரு முறையும் எழுதுவோரில் பாதிக்கும் குறைவானவர்களே தேறியிருக்கிறார்கள். வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கும் முன்பு, வட்டியில் விழும் முன்பு, அறக்கட்டளைக்கு வந்து ஒருமுறை பேசிவிட்டுப் போங்கள்.

கடைசியாக, பிள்ளையிடம் கேளுங்கள்

டாக்டராக வேண்டும் என்பது யாருடைய ஆசை? பிள்ளையுடையதா, நம்முடையதா, உறவினர் வீட்டுப் பிள்ளையைப் பார்த்து வந்ததா? பிள்ளையைத் தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள். குறுக்கே பேசாமல் கேளுங்கள். விருப்பம் இருக்கும் பிள்ளைக்கு மேலே சொன்ன வழிகளைத் திறந்துவிடுங்கள். விருப்பம் இல்லாத பிள்ளையைத் தள்ளாதீர்கள். நேர்மையான ஆசிரியராக, கணக்காளராக, நெசவு வடிவமைப்பாளராக வாழ்வதும் நன்மை தரும் வாழ்வுதான்.

சேர்க்கைக்குப் போகும் முன் மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், ஆறாம் வகுப்பு முதல் படித்த பள்ளிகளின் விவரம் ஆகியவற்றோடு பிள்ளையையும் அழைத்துக்கொண்டு நம் அலுவலகத்துக்கு வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம். ஆலோசனைக்குக் கட்டணம் எதுவும் இல்லை.

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், அதைக் கொண்டு பிறருக்கு உதவும் மனத்தையும் அல்லாஹ் தருவானாக. ஆமீன்.